பதில்கள் மட்டும் இருந்த கேசட்

இனோக் மட்சீவா சேர்த்துவைத்த கேசட்டுகள் படுக்கையறை அலமாரியில் இரண்டு தட்டு நிறைய இருந்தன. அத்தனையிலும் ஊரார் பேசினார்கள். இனோக் மட்டும் ஒன்றில்கூடப் பேசவில்லை.

எல்லாம் அவருடைய சிக்கனத்தால் வந்தது. முட்டாரே ஆசிரியர் கல்லூரியில் வரலாறு கற்பித்த சம்பளத்தில்தான் அவருடைய ஆராய்ச்சியும் நடந்தது. கேசட் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. தான் கேள்வி கேட்கும்போது கட்டைவிரலால் பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்திவிடுவார். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும்போது விரலை எடுப்பார். "என் குரலைத்தான் நான் தினமும் கேக்கறேனே, அதுக்கு எதுக்கு டேப்பு" என்பார். பின்னாளில் கேசட் தாராளமாகக் கிடைத்தபோதும் அந்தக் கட்டைவிரல் திருந்தவில்லை.

அவர் மனைவி நெட்சாய்தான் எல்லாவற்றையும் கேட்டுத் தட்டச்சு செய்தாள். பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையின் ஒரு கோடியில் மெஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். பதில் மட்டும் காதில் விழும்.

"ஏங்க, இந்த ஆயாம்மா 'இல்லவே இல்ல, பூனைக்குத்தான்'ங்கறாங்களே, நீங்க என்ன கேட்டீங்க?"

குளியலறையிலிருந்து, சவர நுரைக்குள்ளிருந்து பதில் வரும். "மிச்சப் பால் யாருக்குன்னு கேட்டேன்."

சில நாள் அவர் வீட்டில் இருக்கமாட்டார். அவளே ஒரு கேள்வியை ஊகித்து அடித்துவைப்பாள். திருத்தும்போது பார்த்துவிட்டு, "இது நான் கேட்டது இல்ல. ஆனா கேட்டிருக்கணும். இருக்கட்டும்" என்பார். அந்த வீட்டில் கணவன் மனைவிப் பேச்சில் பாதி இப்படித்தான் நடந்தது. அதைப் பேச்சு என்றே அவள் அப்போது நினைக்கவில்லை; வேலை என்று நினைத்தாள்.

போன குளிர்காலத்தில் இனோக் இறந்துபோனார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போன பிறகு, நெட்சாய் கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அவருடைய குரலைத் தேடினாள். ஒரு இடத்திலாவது விரல் வழுக்கியிருக்காதா, ஒரு இடத்திலாவது மறந்திருக்கமாட்டாரா என்று தேடினாள். கிடைத்தது ஓர் இருமல். அதுவும் அவருடையதுதானா, பக்கத்தில் கட்டியிருந்த ஆட்டினுடையதா என்று தெரியவில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. அவருடைய அடக்கத்தில் சஹ்விரா இல்லை.

சஹ்விரா என்பவர் உறவுக்காரர் அல்ல. வேறு குலத்தைச் சேர்ந்தவர். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கு நண்பராக இருக்கக் கடமைப்பட்டவர். சாவு வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது அவர் இறந்தவரின் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அவர் மாதிரியே நடந்து, அவர் மாதிரியே சிடுசிடுத்து, அவருடைய கஞ்சத்தனத்தையும் குறட்டையையும் ஊர் முன்னால் போட்டு உடைப்பார். அழுகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் மண்ணைப் போட மனசு வரும். மட்சீவா வீட்டுக்குச் சஹ்விராவாக இருந்த சிமேட்சா இனோக்குக்கு முன்பே போய்விட்டார். அவருடைய மகன் லண்டனில் இருக்கிறான். பயணக் காகிதம் சரியாகவில்லை, வர முடியவில்லை. டெலிபோனில் அழுதான். அழுவதற்கு நெட்சாயின் வீட்டில் ஆள் நிறைய இருந்தார்கள். சிரிக்க வைக்கத்தான் யாரும் இல்லை. இனோக்கின் பழுப்புக் கோட்டு ஆணியிலேயே தொங்கியது.

சஹ்விராவை விடப் பெரிய வரலாற்று ஆசிரியர் கிடையாது என்பது இனோக்கின் கட்சி. அவருடைய ஆராய்ச்சியே அதை வைத்துத்தான் நடந்தது. வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள் — இவர்களைத் தேடிப் போய் ஆரம்பத்தில் அவர் கேட்டது, "உங்க மேடம் உங்களை எப்படி நடத்தினாங்க?" எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நல்லாத்தான்." அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. வெறுத்துப்போய் ஒருநாள் ஒரு தோட்டக்காரரிடம், "சரி, உங்க எஜமானர் செத்துட்டார்னு வச்சுக்குங்க. நீங்கதான் அவருக்கு சஹ்விரா. எழுந்திரிங்க" என்றார். அந்த மனிதர் எழுந்தார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, தொப்பியைச் சரித்துக்கொண்டு, எஜமானராகவே வாசலில் நடந்தார். வாயால் சொல்ல வராத அத்தனையும் இடுப்பிலும் கழுத்திலும் இருந்தது. அன்று இரவு வீட்டுக்கு வந்த இனோக், சாட்சா களி ஆறிப்போகிற வரை நெட்சாய்க்கு அதை நடித்துக் காட்டினார்.

புத்தகத்தில் ஓர் அத்தியாயம் பாக்கி. கல்லூரிப் பதிப்பகம் மழைக்கு முன் கேட்டிருந்தது. அதற்கான கேசட்டில் பேசியவர் சேட்ரக் கம்பீரா. ப்ரௌஸ் என்ற வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு இளமை முழுதும் சமைத்தவர். அதன் கடைசிப் பகுதியை நெட்சாயால் அடிக்க முடியவில்லை. கிழவர் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், திடீரென்று நிறுத்துவார். வெகு நேரம் ஒன்றும் இல்லை. எங்கோ சேவல் கூவும். அப்புறம், "இவ்வளவுதான்" என்பார். அப்புறம் பொத்தான் விழும் சத்தம். இனோக் ஏதோ கேட்டிருக்கிறார். அதற்குக் கிழவர் சொல்கிற பதில்: "சுவத்துல ஒரு விரிசல் இருந்தது." அதோடு கேசட் முடிகிறது.

என்ன கேட்டிருப்பார்? நெட்சாய் பத்து விதமாக அடித்துப் பார்த்து, பத்தையும் கிழித்தாள். குளியலறைப் பக்கம் திரும்பிக் கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

கிழவர் குடியிருக்கும் சக்கூப்வாவுக்குப் போய் அவரையே கேட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்த வாரம்தான் ஜில்லியன் ப்ரௌஸின் டெலிபோன் வந்தது. அந்தக் குடும்பத்தின் மகள். அறுபது தாண்டியவர், தனி ஆள். கூடப் படித்தவர்கள் எல்லாம் தென்னாப்பிரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போன பிறகும் முட்டாரேயிலேயே தங்கிவிட்டவர். இனோக் அவரையும் பல மதியங்கள் உட்கார வைத்துப் பேசியிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் எனக்கு ஒரு வாக்கு குடுத்திருந்தார்" என்றார் ஜில்லியன். "என்னை சேட்ரக் கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு. அங்க போனா எங்க அம்மாவைப் பாக்கலாம்னார்."

"உங்க அம்மா காலமாகிட்டாங்களே."

"அதான் நானும் சொன்னேன். அவர் சிரிச்சார்."

நெட்சாய்க்கு அந்தம்மாவைக் கூட்டிப் போக இஷ்டமில்லை. இனோக் கொடுத்த வாக்கு என்பதால் சரி என்றாள்.

சனிக்கிழமை மதியம் ஜில்லியனின் பழைய டாட்சன் காரில் போனார்கள். ஜகரண்டா பூக்கள் சக்கரத்தில் நசுங்கிக்கொண்டே வந்தன. வழியில் ஜில்லியன், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் சொன்னார்: "அந்தக் காலத்து உள்நாட்டுச் சண்டையில, ராணுவத்துல இருந்த என் தம்பி செத்தப்போ எங்க அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, தெரியுமா? நான் மறுநாள் தலைநகர் சாலிஸ்பரியிலிருந்து வந்தேன். உதட்டுச் சாயம் போட்டுக்கிட்டு எல்லாருக்கும் சாண்ட்விச் குடுத்துட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் நான் அவங்களோட சரியா பேசவே இல்ல. சாகிற வரைக்கும்."

சேட்ரக் தன் வீட்டு மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இனோக்குக்கும் அவருக்கும் ஒரே குலம், நீர்க்குலம். முறைப்படி இனோக்குக்கு அப்பா ஆகவேண்டும். அதனால் நெட்சாய் அவருக்கு மருமகள். மண்டியிட்டுக் கை தட்டி வணங்கினாள்.

"வா மருமகளே. புருஷன் போனதும் மாமனாரை மறந்துட்டேன்னு நெனச்சேன்" என்றவர், பின்னால் வந்தவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். உள்ளே போய் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் தூக்கிவந்து, துண்டால் துடைத்துப் போட்டார்.

"நான் பாயிலயே உக்காந்துக்கறேன், சேட்ரக்" என்றார் ஜில்லியன். அவருக்குத் தெரிந்த ஷோனா மொழி, எஜமானர்கள் வேலைக்காரரிடம் பேசிய அந்தக் கலப்படப் பேச்சுதான். கொண்டு வா, எடுத்துப் போ, சீக்கிரம் செய் என்பதற்கெல்லாம் அதில் சொல் உண்டு. நயமாக ஒன்றைச் சொல்ல முயன்றாலும் அதட்டல் போலவே விழுந்தது.

"உக்காருங்க, சின்ன மேடம். உங்களுக்கு நாற்காலி இழுத்துப் போடாம இந்தக் கை நடுங்குது. வயசாச்சுன்னு ஜனங்க நெனச்சுக்குவாங்க."

ஜில்லியன் உட்கார்ந்தார். தேயிலை, சர்க்கரை, ஒரு பழக்கேக் கொண்டுவந்திருந்தார். சேட்ரக் கேக்கை முகர்ந்து பார்த்துவிட்டு, "அடுப்பை முன்னாடியே தெறந்துட்டீங்க. நடுவுல வேகல" என்று நெட்சாயிடம் சொன்னார். "அம்மாவும் இதையேதான் செய்வாங்க."

தேநீர் குடித்து முடிக்கும்வரை நெட்சாய் பொறுத்தாள். பிறகு கேசட்டைப் பற்றிச் சொன்னாள். "கடைசியில ரொம்ப நேரம் சத்தமே இல்ல, மாமா. அப்புறம் அவர் ஏதோ கேட்டிருக்கார். விரிசல்னு நீங்க சொல்றீங்க. என்ன கேட்டார்?"

கிழவர் நாற்காலியில் இருப்பவரை ஒரு பார்வை பார்த்தார். "அது மேடமைப் பத்தினது."

"நான் அதுக்குத்தான் வந்தேன்" என்றார் ஜில்லியன். "நீங்க அம்மா மாதிரி செய்வீங்கன்னு சொன்னார். நான் பாக்கணும்."

"நான் அவங்களுக்கு சஹ்விரா இல்ல. சமையல்காரன்."

"அவங்களுக்கு வேற யாரும் இல்லையே, சேட்ரக்."

கிழவர் யோசித்தார். கப்பைத் தரையில் வைத்தார். எழுந்தபோது முதலில் முழங்கால் மட்டும்தான் எழுந்தது, அப்புறம் முதுகு, கழுத்து நிமிர்ந்தபோது அங்கே வேறு யாரோ நின்றார்கள். இடுப்பில் இல்லாத சாவிக்கொத்தை ஒரு கை பிடித்துக்கொண்டது. மூக்கு அடுப்பங்கரையை மோப்பம் பிடித்தது. சர்க்கரை ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, காற்றில் ஓர் ஈயைப் பிடித்து, உள்ளே போட்டு மூடி, நாசூக்காக விரலைத் துடைத்துக்கொண்டது. அடுத்த முறை மூடி திறக்கும்போது ஈ உள்ளே இருந்தால் யாரும் சர்க்கரையில் கைவைக்கவில்லை என்று அர்த்தம். "சேட்ரக், உன்னை நான் சந்தேகப்படலை. ஈயைத்தான் நம்பறேன்" என்றது ஒரு மெல்லிய, களைத்த குரல்.

ஜில்லியன் சிரித்துவிட்டார். சிரித்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்; முகம் சிவந்தது. நெட்சாய்க்கு அந்தச் சிரிப்பும் பிடித்தது, அது நின்றதும் பிடித்தது.

"தம்பி செத்த செய்தி வந்த அன்னிக்கு?" என்று ஜில்லியன் கேட்டார்.

கிழவர் மறுபடியும் சேட்ரக் ஆனார். "ராணுவத்துலேந்து ரெண்டு பேர் வந்துட்டுப் போனாங்க. மேடம் நேரா சமையலறைக்கு வந்தாங்க. முன்கூடத்துல ஜன்னல் நிறைய, பாருங்க. சமையலறையிலதான் ஜன்னல் சின்னது. வந்து தரையில உக்காந்தாங்க. என் தரையில. 'சுவத்தைப் பாரு'ன்னாங்க."

அவர் திரும்பினார். மாமரத்துக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். ஒன்றும் செய்யவில்லை. நின்றுகொண்டே இருந்தார். பக்கத்து வாசலில் சேவல் ஒன்று கூவியது. நெட்சாய்க்குப் புரிந்தது. கேசட்டில் அவள் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்ட வெறுமை இதுதான். அந்த இடத்தில் கிழவர் சும்மா இருக்கவில்லை, நடித்துக்கொண்டிருந்தார். எதிரே இனோக் உட்கார்ந்து அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இவ்வளவுதான்" என்று சேட்ரக் திரும்பினார். "முகத்தை நான் பாக்கல. அதனால செய்ய முடியாது."

"அழுதாங்களா?"

"காதுல விழுந்தது."

"அதைச் செய்யுங்களேன்."

"மாட்டேன், சின்ன மேடம். சுவத்தைப் பாருன்னா காதுக்கும் சேத்துத்தான் சொன்னாங்க." அவர் கொஞ்சம் இறங்கிவந்தார். "ஆனா ரொம்ப நேரம். அடுப்புல இருந்த உருளைக்கிழங்கு அடிப்பிடிச்சுப் போச்சு, எடுக்கக்கூட என்னைத் திரும்ப விடல. அப்புறம் மூக்கைச் சிந்திட்டு, 'இன்னிக்கு சூப் வேண்டாம்'னாங்க."

ஜில்லியன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தோளைத் தொடலாமா என்று நெட்சாய் நினைத்தாள். தொடவில்லை.

"அப்பதான் உன் புருஷன் கேட்டான், மருமகளே" என்றார் கிழவர். "'அவங்க அழும்போது, சுவத்தைப் பாத்துக்கிட்டு நீங்க என்ன நெனச்சீங்க?'ன்னு. எத்தனையோ பேர் கிட்ட மேடம் கதையைச் சொல்லியிருக்கேன். என்னைப் பத்தி யாரும் கேட்டதில்ல. எனக்குப் பதில் வரல. சுவத்துல ஒரு விரிசல் இருந்தது, அதைத்தான் பாத்தேன், அதைச் சொன்னேன். அவன் டேப்பை நிறுத்திட்டான். நிறுத்தின பிறகுதான் மிச்சத்தைச் சொன்னேன்."

"என்ன மிச்சம்?"

"என் பையன் அந்த வருஷம்தான் எல்லை தாண்டி மொசாம்பிக் போயிருந்தான். வெள்ளைக்காரங்களை எதிர்த்துச் சண்டை போட்ட எங்க ஆளுங்களோட சேர. வெளியே சொன்னா என் வேலை போகும், தலையும் போகும். என் முதுகுக்குப் பின்னாடி மேடம் தன் பிள்ளைக்கு அழறாங்க. நான் என் பிள்ளைக்கு விரிசலைப் பாத்துட்டு நிக்கறேன். யாருடைய பிள்ளை யாரைச் சுட்டான்னு அந்த சமையலறையில யாருக்குத் தெரியும்?"

"டிக்சனா?" என்றார் ஜில்லியன் மெதுவாக. "கிறிஸ்துமஸுக்கு வருவானே. என் சைக்கிளை ஓட்டிப் பாத்து ரோஜாச் செடியில விழுந்தானே."

"அவன்தான். திரும்பி வரல. எந்தக் காட்டுல கிடக்கறான்னு தெரியாது."

அதற்கு ஜில்லியன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரிடம் இருந்த ஷோனாவில் அதற்குச் சொல் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னார். கிழவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

நெட்சாய் கேள்வியைத் தன் மனதுக்குள் அடித்துவிட்டாள். சொற்கள் கிடைத்துவிட்டன, அத்தியாயம் முடிந்துவிடும். வந்த காரியம் ஆயிற்று, எழுந்து போகலாம். ஆனால் அவள் எழவில்லை.

"மாமா, அதை எப்படிக் கேட்டார்?"

"இப்பதானே சொன்னேன்."

"வார்த்தையைக் கேக்கல, மாமா. எப்படி. ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. அவர் அடக்கத்துல யாருமே செய்யல."

கிழவரின் முகம் வாடியது. "என் குலத்துப் பிள்ளையை நான் எப்படிச் செய்யறது? முறையில நான் அவனுக்கு அப்பன். அப்பன் மகனை ஆடிக் காட்டினா செத்தவங்க பொறுப்பாங்களா? கேக்காதே, மருமகளே."

அது நெட்சாய்க்கும் தெரிந்ததுதான். தலையைக் குனிந்துகொண்டாள்.

இருவரும் ஷோனாவில் வேகமாகப் பேசியது ஜில்லியனுக்குப் பாதிதான் புரிந்தது. இனோக்கைச் செய்து காட்டச் சொல்லி அவருடைய மனைவி கேட்கிறாள், கிழவருக்கு நினைவில்லை போலிருக்கிறது — இப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஊர் நாடகக் குழுவில் வருஷக்கணக்காக நடித்தவர். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டார்.

"இப்படித்தானே?" என்றார்.

நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கழுத்துத் துணியின் நுனியால், இனோக் டையின் நுனியால் துடைப்பது போலவே, ஒரு கண்ணாடியை மட்டும் துடைத்தார், இன்னொன்றை மறந்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, மடியில் இல்லாத பெட்டியின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அழுத்தும்போது உதடும் கூடவே அழுந்தியது. தலையைச் சாய்த்து, எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் எங்கோ பார்த்து, தொண்டைக்குள் ஒருமுறை செருமி, கடன் கேட்க வந்த ஆள் மாதிரித் தயங்கித் தயங்கி, "ம்... அது சரி. அதெல்லாம் சரி. ஆனா நீங்க... நீங்க என்ன நெனச்சீங்க?" என்றார். கேட்டுவிட்டு விரலை எடுத்தார். எடுத்ததும் புருவம் இரண்டும் மேலே போயின, பலகாரத் தட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி.

சேட்ரக் வாயைத் திறந்தபடி இருந்தார். வேற்று மனுஷி, கேட்காமல், கோட்டு இல்லாமல், துக்க வீட்டுக்கு வெளியே ஒரு செத்தவரை எழுப்பிவிட்டார்.

ஜில்லியன் கிழவர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். "நான் தப்பா ஏதாவது..."

அப்போது நெட்சாய் சிரித்தாள். அந்தத் துடைக்காத இன்னொரு கண்ணாடி. இருபது வருஷம் அவள் அதற்காகத் திட்டியிருக்கிறாள். ஒற்றைக் கண்ணால் வரலாறு எழுதுகிறவர் என்று கேலி செய்திருக்கிறாள். சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது, நிற்கவில்லை. பாயில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். பிறகு அது வேறொன்றாக மாறியது. சேட்ரக் சட்டென்று எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். ஜில்லியன் அவரைப் பார்த்தார். தானும் எழுந்து, அவர் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

இருவரின் முதுகுக்கும் பின்னால் நெட்சாய் ஆசைதீர அழுதாள்.

அவள் மூக்கைச் சிந்தியதும் கிழவர் திரும்பினார். "ஆச்சா? சரி. இப்ப இந்தம்மா கதைக்கு வருவோம்." ஜில்லியனைப் பார்த்து விரலை நீட்டினார். "உங்களை யார் செய்யச் சொன்னது?"

"நான் உதவியா இருக்கும்னு..."

"எல்லாத்துலயும் இதேதான். உதவியா இருக்கும்னுதான் உங்க தாத்தா இந்த ஊருக்கே வந்தார்." நெட்சாயிடம் திரும்பினார். "நீ என்ன சொல்றே? உன் வீட்டு விஷயம். செஞ்சது செஞ்சாச்சு, திருப்பி எடுக்க முடியாது. வேண்டாம்னா இப்பவே சொல்லிடு."

நெட்சாய் இடுப்புத் துணியின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். "குலம்?"

"இவங்களுக்குக் குலமே கிடையாது. நம்ம ஆளுங்கள்ல யாருக்கும் அக்காவும் இல்ல தங்கச்சியும் இல்ல. அதுவும் ஒரு வசதிதான்."

"எதைப் பத்திப் பேசறீங்க?" என்றார் ஜில்லியன்.

"மட்சீவா வீட்டுக்கு நீங்கதான் இனிமே சஹ்விரா" என்றார் சேட்ரக். "சாவு விழுந்தா முதல்ல வந்து நிக்கணும். பாத்திரம் கழுவணும். யாரும் சொல்லத் துணியாததைச் சொல்லணும். உங்களை என்ன திட்டினாலும் கோவிச்சுக்கக் கூடாது. சண்டை வந்தா நடுவுல படுத்துக்கணும்."

"எனக்கு அறுபத்து மூணு வயசு, சேட்ரக்."

"அப்ப மருமக சீக்கிரம் சாகணும். உங்களைக் காக்க வைக்கக் கூடாதில்ல."

நெட்சாய் மறுபடியும் சிரித்தாள். சரி என்று யாரும் அவளிடம் கேட்டு வாங்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போகும்போது மீதிக் கேக்கை ஜில்லியன் எடுக்கப் போக, "வேகாததா இருந்தா என்ன, விட்டுட்டுப் போங்க" என்றார் கிழவர்.

அன்று சாயங்காலமே நெட்சாய் மெஷினை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேள்வி: நீங்கள் என்ன நினைத்தீர்கள்? பதில்: சுவரில் ஒரு விரிசல் இருந்தது. இனோக் டேப்பை நிறுத்திய பிறகு டிக்சனைப் பற்றிக் கிழவர் சொன்னதை அவள் சேர்க்கவில்லை. அவர் நிறுத்திய இடத்திலேயே அத்தியாயத்தை நிறுத்தினாள்.

அடுத்த குளிர்காலத்தில் இனோக்கின் ஆவியை வீட்டுக்கு அழைத்துவரும் சடங்கு இருக்கிறது. ஊர் கூடும். அவள் எழுந்து போய் ஆணியிலிருந்து பழுப்புக் கோட்டை எடுத்து உதறினாள். பையில் ஒரு தீக்குச்சியும் கசங்கிய கைக்குட்டையும் இருந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டாள். ஜில்லியன் குள்ளம். கோட்டின் கை விரல்நுனி வரை வரும். விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, ஊசியில் நூலைக் கோத்து, வெட்டாமல், பிறகு பிரித்துவிடுகிற மாதிரி, கையை உள்ளுக்கு மடித்துத் தைக்க ஆரம்பித்தாள்.